முகங்கள் ஏன் வலது மூளைக்குப் போயின?

முகத்தை அடையாளம் காண்பது வலது மூளை, எழுத்தைப் படிப்பது இடது மூளை என்று படித்திருப்போம். பெரியவர்களைப் பொறுத்தவரை இது பெருமளவு சரி. ஆனால் இந்தப் பாகப்பிரிவினை பிறவியிலேயே முடிந்துவிடுவதில்லை, நாம் படிக்கக் கற்றுக்கொள்வதற்கும் அதில் பங்குண்டு என்கிறார் அறிதல் நரம்பியல் ஆய்வாளர் மார்லீன் பெர்மன். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இதை ஆராய்ந்தவர். எனக்கு இது மூளையைப் பற்றிய மிக அழகான கருத்துகளில் ஒன்று.

மூளையின் அடிப்புறத்தில், காதுக்குச் சற்றுப் பின்னால், முகத்தைக் கண்டால் தனிச் சுறுசுறுப்புக் காட்டும் பகுதி இருக்கிறது. நான்சி கான்விஷர் குழு 1997இல் அதைத் தெளிவாக அடையாளம் காட்டியது. அது இரு பக்கமும் உண்டு, வலப்பக்கம் பெரும்பாலும் பெரிது. வலிப்பு நோய்க்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்டவர்களிடம் ஸ்டான்ஃபோர்டின் ஜோசப் பர்வீசி குழு அந்த இடத்தில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்த்தது. வலப்பக்கம் தூண்டியபோது எதிரே இருப்பவரின் முகம் உருமாறித் தெரிந்தது. இடப்பக்கம் தூண்டியபோது அப்படி நேரவில்லை.

முகம் ஏன் வலப்பக்கம் சாய்ந்தது? பெர்மனும் டேவிட் பிளாட்டும் சொல்லும் காரணம் இட நெருக்கடி. எல்லா முகத்திலும் இரு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். ஆளுக்கு ஆள் வேறுபாடு நூலிழைதான். எழுத்தும் அப்படியே. ஒரு சுழி கூடினால் ‘மனம்’ ‘மணம்’ ஆகிவிடும். இரண்டுக்கும் பார்வையின் நடுவில் விழும் கூர்மையான பிம்பம் வேண்டும். அதைக் கையாளும் மூளைப் பரப்போ சிறியது. எழுத்து ஒலியோடும் பொருளோடும் உடனுக்குடன் இணைய வேண்டும், பெரும்பாலோருக்குப் பேச்சுமொழி இருப்பது இடப்பக்கம். ஆகவே எழுத்து அந்தப் பக்கத்தில் வேரூன்றுகிறது. முகம் மெல்ல வலப்பக்கம் நகர்கிறது. 2011இல் இருவரும் இதைக் கணினி மாதிரியிலும் காட்டினார்கள்.

இது சரியென்றால் எழுத்து முந்த வேண்டும், முகம் பிந்த வேண்டும். அதைச் சோதிக்கும் முறை எளிது. திரையின் நடுப்புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அங்கே ஒரு முகம் தோன்றி மறையும். அடுத்து ஒரு முகம் ஓரத்தில் மின்னும். கண் திரும்புவதற்குள் போய்விடும். அதே முகமா, வேறா என்று சொல்ல வேண்டும். பார்வை நரம்பிழைகளில் பாதி குறுக்கே கடப்பதால், இடப்பக்கம் மின்னியது முதலில் வலது மூளையைத்தான் அடையும், வலப்பக்கம் மின்னியது இடது மூளையை. சொற்களை வைத்தும் இதே சோதனை. 7 முதல் 9 வயது வரையிலான குழந்தைகள், 11 முதல் 13 வரையிலானவர்கள், பெரியவர்கள் என மூன்று குழுக்களை ஆராய்ந்து 2013இல் முடிவு வெளியானது. சொல்லுக்கு இடது மூளையின் கை சிறுவயதிலேயே ஓங்கியிருந்தது. முகத்துக்கு வலது மூளையின் கை ஓங்கியது பெரியவர்களிடம் மட்டுமே. நன்றாக வாசிக்கும் குழந்தைகளிடம் முகத்தின் வலப்பக்கச் சாய்வும் கூடுதலாக இருந்தது.

பிரிவினை முழுமையானதும் அல்ல. வலது மூளை பழுதுபட்டு முகங்களை அடையாளம் காண முடியாமல் போனவர்களுக்கு வாசிப்பிலும் சிறு தடுமாற்றம் இருந்தது. இடது மூளை பழுதுபட்டு வாசிப்பை இழந்தவர்கள் முகங்களிலும் சற்றுப் பின்தங்கினார்கள்.

எழுத்து வந்தால் முகத்துக்கு இடம் குறைகிறதா என்பதில் சர்ச்சை நீடிக்கிறது. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறிந்தவர்களையும் அறியாதவர்களையும் ஒப்பிட்ட ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் குழு, படித்தவர்களின் இடது மூளையில் எழுத்துக்கான இடத்தில் முகத்துக்கான துலங்கல் சற்றுக் குறைந்ததாக 2010இல் சொன்னது. 2019இல் வட இந்தியக் கிராமத்தினரிடம் நடந்த ஆய்வில் அப்படிக் குறையவில்லை. ஆகவே ‘வெளியேற்றம்’ என்ற கடுஞ்சொல்லை நான் பயன்படுத்தமாட்டேன். முகத்துக்கான வளர்ச்சி வேறு பக்கம் திரும்புகிறது என்பதே இப்போதைக்குப் பொருந்துகிறது.

சரி, ஒரு பக்கமே இல்லாவிட்டால்? கடும் வலிப்பு காரணமாகச் சிறுவயதில் பாதி மூளை அகற்றப்பட்ட 40 பேரின் சோதனை முடிவுகளை 2022இல் பெர்மன் குழு வெளியிட்டது. முழு மூளை உள்ளவர்களை அவர்கள் எட்டவில்லை. ஆனால் சொல், முகம் இரண்டிலுமே சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். எஞ்சியது இடதா வலதா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.