தெனாரியம்: பப்பத்தாக எண்ணிய காசு

பண்டைய உரோமின் வெள்ளிக்காசுக்குத் தெனாரியம் என்று பெயர், இலத்தீனில் தெனாரியுஸ். ‘தெனி’ என்ற வேருக்கு ‘பப்பத்து’ என்பது பொருள். பத்து ‘ஆஸ்’, அதாவது பத்து வெண்கலக் காசுகளுக்கு ஈடானதால் இந்தப் பெயர் வந்தது. கார்த்தேஜின் தளபதி ஹனிபாலோடு உரோம் பொருதிக்கொண்டிருந்த காலத்தில், கி.மு. 211 வாக்கில் இது புழக்கத்துக்கு வந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் மதிப்பு 16 ஆஸாக உயர்ந்தது. ஆனாலும் பத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

சொல் வெகுதூரம் பயணித்தது. குப்தர் காலக் கல்வெட்டுகளில் பொற்காசு ‘தீனாரம்’ ஆகிறது. ஸ்பானிய மொழியில் பணமே ‘தினெரோ’. குவைத்திலும் பஹ்ரைனிலும் வேலை செய்யும் நம்மவர்கள் சம்பளமாக வாங்கும் தினாரும் இதன் வழித்தோன்றல்தான்.

தமிழில் இதை எப்படி எழுதுவது? பழைய விவிலிய மொழிபெயர்ப்பு ‘பணம்’ என்றது. இயேசு கேட்டு வாங்கிப் பார்த்த காசை ‘வரிக்காசு’ என்றது. ‘பணம்’ எனக்கு உடன்பாடில்லை. தமிழகத்தில் பணம் என்ற பெயரிலேயே வேறொரு சிறு காசு வழங்கியது, குழப்பமே மிஞ்சும். ‘வரிக்காசு’ அருமையான சொல், ஆனால் சேகரிப்பாளர்கள் அதை ஒரு குறிப்பிட்ட வகையோடு பொருத்துகிறார்கள்: ஒருபுறம் வாகைமாலை சூடிய திபேரியுஸ் பேரரசரின் தலை, மறுபுறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்.

அதே திபேரியுஸ் காசும், அவருக்கு முந்திய அகஸ்டஸின் காசும் கோவை, கரூர்ப் பகுதிப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பிந்தைய பேரரசர்களின் வெள்ளி இங்கே மிக அரிது. கி.பி. 64இல் பேரரசர் நீரோ கை வைத்தது எடையில்: ஓர் உரோம இறாத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடிக்கச் செய்தார். வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். நம் வணிகர்கள் பழைய நல்ல வெள்ளியையே விரும்பினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். எனக்கும் அதுவே சரியாகப்படுகிறது. காசை எடையிட்டு, உரைத்துப் பார்த்து வாங்கியவர்களிடம் பேரரசரின் முகம் செல்லாது.

எனவே, புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கையாளும் ‘தெனாரியம்’ என்பதையே பெயராகக் கொள்ளலாம். முதன்முறை எழுதும்போது ‘உரோம வெள்ளிக்காசு’ என்று விளக்கம் சேர்த்தால் போதும். பொற்காசை இந்தப் பெயரால் அழைக்கக்கூடாது. அது ‘அவுரியுஸ்’, 25 தெனாரியத்துக்குச் சமம்.