படுத்தால் முட்டும் மூச்சு

குனிந்து செருப்பு வாரை மாட்டினால் மூச்சு முட்டுகிறது, நிமிர்ந்தால் சரியாகிவிடுகிறது. இரவில் தலையணை மேல் தலையணை அடுக்கியும் முடியாமல், கடைசியில் நாற்காலியிலேயே தூக்கம். இப்படி வருபவருக்கு முதலில் இதயத்தையும் நுரையீரலையும் பார்ப்பார்கள், அது சரிதான். இரண்டும் நன்றாக இருந்தால் உடனே பார்க்க வேண்டியது உதரவிதானம். அங்கே வந்து சேர்வதற்குள் பலருக்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன. எனக்கு அதுதான் வருத்தம்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் தசை இது. சுருங்கினால் கீழே இறங்கும், நுரையீரல் விரியும், காற்று உள்ளே வரும். இதை இயக்க இடம், வலம் என்று பக்கத்துக்கு ஒரு ஃபிரெனிக் நரம்பு. கழுத்துத் தண்டுவடத்தில் கிளம்பி, இதயத்தை ஒட்டிக் கீழே இறங்குகிறது. நீண்ட பாதை, இதய அறுவை சிகிச்சையிலோ கழுத்தில் படும் அடியிலோ நெஞ்சுக் கட்டியாலோ பழுதாகலாம். காரணமே பிடிபடாததும் உண்டு.

நரம்பு பழுதாகிச் செயலிழந்த பக்கத் தசை சும்மா கிடப்பதில்லை. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே மருத்துவர் மூக்கைச் சட்டென்று உறிஞ்சச் சொல்வார். நல்ல பக்கம் இறங்கும். மற்றது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுப்பில் மேலே ஏறும், தராசுத் தட்டு மாதிரி. படுத்தால் குடலும் ஈரலும் அதை இன்னும் மேலே தள்ளும். கனவு காணும் உறக்கத்தில் மற்ற மூச்சுத் தசைகள் தளர்ந்து, பாரம் முழுக்க உதரவிதானத்தின் மேல் விழும். அது ஓய்ந்திருந்தால் காலையில் தலைவலியும் பகலெல்லாம் அசதியும்தான்.

பழுதான நரம்பு மறுபடி நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும். அதனால் தானாகத் தேறுகிறதா என்று பல மாதங்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். அதுவரை இரவில் முகமூடி வழியே காற்றைத் தள்ளும் பைபேப் கருவி பலருக்குத் தூக்கத்தை மீட்டுத் தருகிறது. தலைமாட்டை உயர்த்திக்கொள்வதும் வயிறு முட்டச் சாப்பிடாததும் உதவும். கழுத்தளவு தண்ணீரில் இறங்கக் கூடாது, நீரின் அழுத்தம் வயிற்றை மேலே தள்ளும்.

தேறாவிட்டால், தொய்ந்த தசையைப் புடவைக் கொசுவம்போல் மடித்துத் தைக்கிறார்கள். தசை மறுபடி இயங்காது. ஆனால் இறுகி நிற்பதால் மேலே ஏறாது, அந்தப் பக்க நுரையீரலுக்கு இடம் கிடைக்கும்.

தண்டுவடம் கழுத்தில் அடிபட்டு, ஃபிரெனிக் நரம்பு மட்டும் பிழைத்திருந்தால் வேறு வழி உண்டு. 1995இல் குதிரையிலிருந்து விழுந்து செயற்கைச் சுவாசத்தில் வாழ்ந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவுக்கு 2003இல் உதரவிதானத்தில் மின்முனைகள் பொருத்தினார்கள். மின்துடிப்புக்குத் தசை சுருங்கியது, காற்று மூக்கு வழியே போனது. விபத்து நடந்து பல வருடங்களுக்குப் பிறகு அவருக்கு மறுபடி காப்பி வாசனை தெரிந்தது.