தள்ளுபடின்னா நூத்துக்கு எவ்ளோ?

போன ஆடியில அம்மாவோட பாண்டிச்சேரி நேரு வீதிக்கு போயிருந்தேன், ஒரு துணிக்கடை வாசல்ல "50% + 20% தள்ளுபடி"ன்னு பெரிய போர்டு. அம்மா 1800 ரூபா புடவை ஒண்ண எடுத்துட்டு, எழுபது சதவீதம் போக 540ன்னு மனசுலயே கணக்கு போட்டு, அந்த 540ஐ தனியா எண்ணி கையில மடிச்சு வச்சுகிட்டே பில்லு போடுற இடத்துல நின்னாங்க. பில்லு வந்தது 720. அம்மா முகம் சுருங்கிப்போச்சு. கடைக்காரங்க போட்ட கணக்குல தப்பு இல்ல, ஆனா நடுவுல கூட்டல் குறி போட்டா ஜனங்க கூட்டித்தான் பாப்பாங்கன்னு எழுதினவங்களுக்கு தெரியாதா, எனக்கு கோவம் அங்கதான்.

டிஸ்கவுண்ட்ங்கிற சொல்லுக்கு வேர் லத்தீன்ல இருக்கு, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. கணக்குலேந்து கழிச்சு எண்ணுறதுன்னு அர்த்தம். நம்ம தள்ளுபடியும் அதேதான் சொல்லுது, தர வேண்டியதுல இவ்ளோ தள்ளியாச்சுன்னு. கோர்ட்டுல மனு தள்ளுபடி, விவசாயிக்கு கடன் தள்ளுபடி, கடையில விலை தள்ளுபடி, மூணும் ஒரே சொல்லு. சாகுபடி, செல்லுபடில வர்ற அதே "படி"தான் இதுலயும், நாம தள்ளுபடி கேட்டா கடைக்காரர் "கட்டுப்படி ஆகாதுமா"ன்னு சொல்றாரே அதுலயும் அதுதான். கணக்கு நோட்டுல எழுதுறவங்க "கழிவு"ன்னும் போடுவாங்க, அதுவும் நல்ல சொல்லு, ஆனா போர்டுல எழுதினா ஜனங்க குப்பைன்னு நெனச்சுக்குவாங்க, அதனால கடைக்கு தள்ளுபடிதான் சரி.

சதவீதத்துல சதம்ங்கிறது சமஸ்கிருதம், நூறுன்னு அர்த்தம். தமிழ்ல விழுக்காடு. விழுறதுலேந்து வந்தது, ஒவ்வொரு நூத்துக்கும் எவ்ளோ பங்கு விழுதுங்கிறதுதான் அது. எனக்கு ரொம்ப புடிச்ச சொல்லு. ஆனா வாயில புழங்குறது இன்னும் எளிமை, "நூத்துக்கு ரெண்டு வட்டி"ன்னு சொல்ற யாருக்கும் சதவீதம் புதுசா சொல்லித்தர வேண்டியதில்ல. 1957க்கு முன்னாடி ரூபாய்க்கு 16 அணா, அப்போ ரூபாய்க்கு ஒரு அணா தள்ளினா அது ஆறேகால் சதவீதம், மனக்கணக்குக்கு கொஞ்சம் சிரமம். நூறு பைசா வந்தப்புறம் 20%னா ரூபாய்க்கு 20 பைசா, அவ்ளோதான்.

எந்த விலைக்கும் மொதல்ல பத்து சதவீதம் புடிங்க, கடைசி இலக்கத்துக்கு முன்னாடி ஒரு புள்ளி வச்சா போதும். 850க்கு 85. இருபதுன்னா அதோட ரெண்டு மடங்கு 170, அதக் கழிச்சா 680. அஞ்சுன்னா 85ல பாதி, நாப்பத்தி ரெண்டரை.

இப்ப அம்மாவோட புடவை. 1800ல பாதி போனா 900. அடுத்த 20% விழுறது மிச்சமிருக்கிற 900 மேல, 1800 மேல இல்ல. அதனால 180 போக 720. நூறு ரூபாயா வச்சு பாருங்க, மொதல்ல 50 ஆகும், அப்புறம் 40 ஆகும், ஆக மொத்த தள்ளுபடி 60%, எழுபது இல்ல. இதே மாதிரி 1000 ரூபா பொருள 20% ஏத்தி 1200ன்னு ஒட்டிட்டு அப்புறம் 20% தள்ளினா பழைய விலை வராது, 960 வரும், அதாவது உண்மையில குறைஞ்சது 40 ரூபாதான். ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்னா மூணுக்கு ரெண்டு காசு, அது மூணுல ஒரு பங்கு தள்ளுபடி, பாதி கிடையாது.

போன வாரம் கடலூர் லாரன்ஸ் ரோட்டுல ஒரு கடையில "30% + 10%"னு பாத்துட்டு அம்மா உள்ள போறதுக்கு முன்னாடியே வாசல்ல இருந்த பையன்கிட்ட கேட்டாங்க, "தம்பி, நூறு ரூபா சாமானுக்கு நான் கடைசியா எவ்ளோ குடுக்கணும், அத மட்டும் சொல்லு." அவன் போன எடுத்து தட்டிப் பாத்துட்டு "63 ரூபாம்மா"ன்னான்.