காந்தத்துக்கு மசியாத யுரேனியமும் ஒரு பிடி எஃகு நாரும்

யுரேனியம் ஆக்சைடு தூளுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் ஒன்றும் நடக்காது. இரும்புத்தூள் மாதிரி பாய்ந்து வந்து ஒட்டாது. ஆனாலும் யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த மண்ணிலிருந்து அவற்றைக் காந்தத்தால் பிரிக்க முடியும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1990களில் இதைச் செய்து பார்த்தார்கள்.

இரண்டின் ஆக்சைடுகளும் பாரா காந்தப் பொருள்கள். காந்தத்தின் பக்கம் மிக லேசாகச் சாயும். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் டயா காந்தப் பொருள்; சற்றே விலகும். இந்தச் சின்ன வேற்றுமைதான் முதலீடு. (கதிரியக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது அணுக்கருவின் சங்கதி, இது எலக்ட்ரான்களின் சங்கதி.)

அப்படியானால் காந்தத்தைப் பெரிதாக்கினால் போதுமா? போதாது. சீரான காந்தப்புலத்தில், அது எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், துகள் எந்தப் பக்கமும் நகராது. எல்லாப் புறமும் ஒரே மாதிரி இருந்தால் எங்கே போகும்? புலத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தால்தான் இழுப்பு.

அந்த ஏற்றத்தாழ்வைத் தருவது அற்பமான ஒரு பொருள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போன்ற, காந்தம் ஏறும் எஃகு நார். முடியளவு மெல்லிய இழைகள். அதை ஓர் உருளையில் திணித்து, பல டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) புலம் தரும், மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுருளின் நடுவே வைப்பார்கள். ஒவ்வொரு இழையும் புலத்தைத் தன்பால் குவித்துக்கொள்ளும். இழையை ஒட்டிய இடத்தில் புலம் உச்சத்தில் இருக்கும். ஒரு முடியளவு தள்ளிப் போனாலே மளமளவென்று சரிந்துவிடும். நீரில் கரைத்த மண்ணை உள்ளே விட்டால், இழையோரம் வரும் யுரேனியத் துகள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், மணல் நீரோடு போய்விடும். பிறகு புலத்தை நிறுத்தி நீர் பாய்ச்சினால் பிடிபட்டதெல்லாம் தனியே வந்துவிடும். கதிரியக்கம் துளியும் குறையாது. புதைக்க வேண்டிய கழிவின் அளவுதான் குறையும்.

சிக்கல் துகள் நுணுகும்போதுதான். விட்டம் பாதியானால் காந்த இழுப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும், நீரின் இழுப்போ பாதியாகத்தான் குறையும். ஆகவே மிக நுண்ணிய துகள்களிடம் நீர் ஜெயித்துவிடும். ஓட்டத்தை மெதுவாக்கத்தான் வேண்டும். மண்ணிலுள்ள மேக்னடைட்டும் (காந்தத்தில் நன்றாக ஒட்டும் இரும்புத் தாது) ஓடிவந்து நாரை அடைத்துக்கொள்ளும். அதை முன்னதாகவே சாதாரண காந்தத்தால் அரித்தெடுப்பது நல்லது.

நீரில் கரைந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இந்த வலையில் விழாது. அதற்கு வேறு உபாயம் உண்டு: மேக்னடைட் நுண்துகள்மேல் பிரஷ்யன் நீலம் என்ற சாயப்பொருளைப் பூசி நீரில் கலப்பது. சீசியம் அயனி அந்த நீலப் படிகத்தின் பொந்துகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மேக்னடைட்டை இழுத்தால் போதும், சீசியமும் கூடவே வரும்.