கம்பளிக்கு அடியில் என்ன விரித்தீர்கள்?

பள்ளி விடுமுறை வந்தால், மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தாப்பா டவுனில் இரண்டு கூட்டம் தெரியும். கார் பூட் நிறையக் கூடாரமும் மசாலா தடவிய கோழியும் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போகிற கூட்டம் ஒன்று. இரண்டு நாள் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கிளினிக்கில் வந்து உட்காருகிற கூட்டம் இன்னொன்று. சளி, இருமல், வயிற்றுப்போக்கு எல்லாம் சகஜம்தான், அதற்கெல்லாம் நான் திட்டுவதில்லை. ஆனால் போன விடுமுறையில் வந்த ஒரு கேசுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி. பிள்ளைகள் ஆசையாக மேலே கூட்டிப்போய்க் கூடாரத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் அம்மாவுக்கு வாய் குழறியிருக்கிறது. பக்கவாதம் என்று பயந்து காரில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். வளைந்து வளைந்து வரும் அந்தச் சாலையில், காரில் ஏர்கானும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

வாய் குழறினால் நாங்கள் முதலில் விரலில் குத்திச் சர்க்கரைதான் பார்ப்போம். அது சரியாக இருந்தது. காதில் வைக்கும் தெர்மாமீட்டர் எண்ணே காட்டாமல் 'லோ' என்றது. வேறு தெர்மாமீட்டரில் 33.8 வந்தது. 35-க்குக் கீழே போனாலே உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

"நல்லாத்தான் போர்த்திவிட்டோம் டாக்டர். சுத்தமான கம்பளி, இருநூறு வெள்ளிக்கு மேல" என்றார் மகன். கம்பளியை விலக்கிப் பார்த்தேன். மேல்பக்கம் நன்றாகக் காய்ந்திருந்தது. உள்ளே ஸ்வெட்டர் ஈரம். கைலியின் பின்பக்கம் பிழிந்தால் தண்ணீர் வரும். அடியில் என்ன விரித்தீர்கள் என்று கேட்டேன். "கான்வாஸ் இருந்துச்சே டாக்டர்" என்றார்.

இந்தப் பதிலை நான் கேட்பது இது முதல்முறை இல்லை.

கம்பளி சூடு தரும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். தராது. கம்பளிக்குள் அடுப்பு எதுவும் இல்லை. பழைய காலத்து ஐஸ்காரர் கட்டியை மரத்தூளில் புதைத்து வைப்பாரே, சூடாக்கவா வைத்தார்? அதே கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்தாலும் நெடுநேரம் உருகாமல்தான் இருக்கும். உள்ளே இருப்பது சூடோ குளிரோ, அதை அப்படியே காத்துக் கொடுப்பதுதான் கம்பளியின் வேலை. ஆட்டு மயிர் சுருள் சுருளாக இருப்பதால் நடுவில் காற்று அசையாமல் சிக்கிக்கொள்கிறது. காப்பது அந்தக் காற்றுதான். (ஈரக்காற்றை உறிஞ்சும்போது கம்பளி கொஞ்சம் வெப்பம் வெளியிடும் என்று அறிவியல் ஆசிரியர் யாராவது சண்டைக்கு வருவார். உண்மைதான் சார். ராத்திரி முழுக்க ஒரு கிழவியைக் காப்பாற்ற அது போதாது.)

ஆக, சூடு உடம்பிலிருந்துதான் வர வேண்டும். இளவட்டங்களுக்குத் தசை உண்டு, நடுங்கியே சூடு பண்ணிக்கொள்வார்கள். வயதானவர்கள், மெலிந்தவர்கள், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள், ராத்திரி 'பசிக்கலப்பா' என்று இரண்டு பிஸ்கட்டோடு படுத்தவர்கள் எங்கே போவார்கள் சூட்டுக்கு? ஏற்கெனவே குளிர்ந்துபோனவரை மூன்று கம்பளிக்குள் சுற்றினால், அந்தக் குளிரையும் சேர்த்துத்தான் பத்திரமாகக் கட்டி வைக்கிறீர்கள். போர்த்துவதற்கு முன்னால் உடம்பு காய்ந்திருக்க வேண்டும், வயிற்றில் சோறு இருக்க வேண்டும். நடக்க முடிந்தவர் என்றால் படுக்கும் முன் நாலு சுற்று நடந்துவிட்டு வரட்டும்.

அடுத்தது தரை. எல்லோரும் மேலே எத்தனை போர்வை என்றுதான் எண்ணுகிறார்கள். உடம்புக்கு அடியில் மாட்டிய கம்பளி உங்கள் எடையில் நசுங்கி, காற்றெல்லாம் வெளியேறி, வெறும் துணியாகிவிடும். அதன் கீழே ஈரமண். அது ராத்திரி முழுக்க உங்கள் முதுகிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். கான்வாஸ் தண்ணீரைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. பிள்ளைகள் விளையாடும் ரப்பர் நுரைப் பாய், யோகா பாய், ஒன்றுமே இல்லையென்றால் மளிகைக் கடை அட்டைப்பெட்டியைப் பிரித்து நாலு அடுக்கு, அதன் மேல் கம்பளியை ஒரு மடிப்பு, அப்புறம் நீங்கள். கையில் இரண்டே கம்பளி இருந்தால் ஒன்று கீழே, ஒன்று மேலே. தயவுசெய்து இரண்டையும் மேலே போடாதீர்கள்.

'மலேசியாவில் எங்கே டாக்டர் குளிர்?' என்று சிரிப்பவர்களுக்கு: தாப்பாவில் ராத்திரி 24 பாகை என்றால், ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் சாதாரணமாகவே பதினைந்து பதினாறு. பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டருக்கும் மேல், அங்கே இன்னும் குறையும். 1978 பிப்ரவரியில் கேமரன் மலையில் 7.8 பாகை பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆளை வீழ்த்த அவ்வளவு குளிர் தேவையே இல்லை. பதினைந்து பாகை, நனைந்த சட்டை, கொஞ்சம் காற்று. மூன்றும் சேர்ந்தால் போதும்.

நனைந்தாலும் கம்பளி சூடு குறையாது என்று வீடியோவில் சொல்கிறார்களாம். பாதி உண்மை. தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதம் வரைக்கும் கம்பளி தொட்டால் ஈரம் தெரியாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். பருத்தியைவிட எவ்வளவோ மேல். மலைக்கு ஜீன்ஸும் பருத்தி டீசட்டையும் போட்டுப் போய் நனைந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் மழையில் நன்றாக ஊறிய கம்பளி ஊறியதுதான். கல் மாதிரி கனக்கும், மறுநாளும் காயாது. பனிச்சாரல் வேறு, கூடாரத்துக்குள் நீங்கள் விடும் மூச்சு வேறு. பகலில் வெயில் முகம் காட்டினால் முதல் வேலையாகக் கம்பளியை வெளியே விரியுங்கள்.

இதில் இன்னொரு கூத்து. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கம்பளி என்று விற்கிற பூப்போட்ட, வழவழப்பான போர்வைகளில் பெரும்பாலும் ஒரு இழைகூட ஆட்டு மயிர் கிடையாது. பாலியஸ்டர். வீட்டில் படுக்க நல்லதுதான், குறை சொல்லவில்லை. நெருப்புக்குப் பக்கத்தில்தான் வம்பு. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து லைட்டரில் காட்டுங்கள். அசல் கம்பளி தயங்கித் தயங்கி எரியும், மயிர் கருகும் நாற்றம் வரும், விரலில் தேய்த்தால் கரியாகப் பொடியும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான மணியாகிவிடும். அந்த மணி உங்கள் பிள்ளையின் தொடையில் உருகி ஒட்டினால் எப்படி இருக்கும்? அதைப் பிரித்தெடுக்கும் வேலை எங்களுக்கு. மயக்க மருந்து இல்லாமல் முடியாது.

நெருப்பு என்றதும் சொல்லிவிடுகிறேன். கோழி சுட்ட அடுப்பில் தணல் மிச்சம் இருக்கிறது, வீணாக்குவானேன் என்று கூடாரத்துக்குள் இழுத்து வைத்து ஜிப்பைப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். கேஸ் அடுப்பும் வேண்டாம். ஜன்னல் ஓரம் கொஞ்சம் திறந்திருக்கிறதே என்ற சமாதானமும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம், அவ்வளவுதான். குளிர் ராத்திரியில் தூக்கம் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? கோவிட் காலத்தில் வாங்கிய விரல் கருவியை மாட்டிப் பார்த்து '98 காட்டுது, நல்லாத்தான் இருக்கு' என்று தைரியம் கொள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவி நல்ல ரத்தம் என்றுதான் படிக்கும். கூடாரத்தில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், முதலில் எல்லோரும் வெளியே. மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, யாராவது குளிர்ந்துபோய்விட்டால் என்ன செய்வது? ஈரத்துணியைக் கழற்றுங்கள். முதலில் அதுதான். மாமியார், மருமகன் என்று கூச்சப்படும் நேரம் இல்லை, கம்பளியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு மாற்றுங்கள். துடைத்து, காய்ந்த துணி போட்டு, தலையிலும் கழுத்திலும் துண்டைச் சுற்றி, கீழே தடிமனாக விரித்துப் படுக்க வைத்து, அப்புறம் கம்பளி. நல்ல நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் இனிப்பான மைலோவோ தேநீரோ கொடுங்கள். சர்க்கரை நோயாளிக்குமா என்று கேட்காதீர்கள், அன்றைக்குக் கொடுங்கள். விஸ்கியோ சம்சுவோ ஒரு சொட்டும் கூடாது. அது தோலுக்கு ரத்தத்தை இழுத்து முகத்தைச் சூடாக்கும், உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விரயமாக்கும். தைலம் தேய்ப்பதும் அப்படித்தான்: தோல் எரியும், உடம்பு சூடாகாது. கைகால்களைப் போட்டு முரட்டுத்தனமாகத் தேய்க்காதீர்கள்.

வெந்நீர்ப் பாட்டில் வைக்கலாம், துணியில் சுற்றி, அக்குளிலும் நெஞ்சோரமும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் மட்டும் வைக்காதீர்கள். உணர்வில்லாத காலில் இரண்டு மணி நேரம் பாட்டிலை வைத்து, கொப்புளம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தவர்கள் உண்டு. அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும்.

நடுங்கிக்கொண்டிருந்தவர் உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்று போனால், 'இப்ப பரவாயில்ல, தூங்கட்டும்' என்று விடாதீர்கள். அது கெட்ட அறிகுறி. வாய் குழறல், தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் அதே வகை. 999-ஐக் கூப்பிடுங்கள். தானா ராத்தாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அதைத் தாண்டிக்கொண்டு மலையிறங்கி என் கிளினிக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. அந்த அம்மாவையும் நான் ஆம்புலன்ஸில்தான் அனுப்பிவைத்தேன். பிழைத்துக்கொண்டார்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வருடம் முழுக்கப் பீரோவில் கிடந்த கம்பளியில் அந்துருண்டை வாசம் இருக்கும். நாப்தலீன் உருண்டையாக இருந்து, குழந்தைக்கு ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடும் இருந்தால், அதில் சுற்றிவைப்பதாலேயே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். நம் நாட்டில் பிறந்தவுடனேயே இந்தப் பரிசோதனை செய்து அம்மாவிடம் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கார்டை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியாது. தேடி எடுங்கள். கம்பளியைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயப்போட்டு, வாசம் போன பிறகு எடுத்துப் போங்கள். அப்படியும் தூங்கும் குழந்தையின் முகத்துக்கு மேல் கம்பளி வரக் கூடாது. இழுப்பு இருக்கிற பிள்ளைகளுக்குப் பழைய கம்பளித் தூசியே போதும், பஃப்பை (இன்ஹேலர்) மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஊர் திரும்பிய பிறகு வரும் காய்ச்சல். கம்பளியைப் புல்லில் நேராக விரித்துப் படுத்தவர்கள் கவனியுங்கள். புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் வரும். செம்பனைத் தோட்டத்து ஆட்களுக்கு அந்தக் காலத்திலேயே பழகிய காய்ச்சல் இது. 1948-இல் இதற்கு குளோராம்பெனிக்கால் மருந்தைச் சோதித்துப் பார்க்க அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடலின் குழு கோலாலம்பூருக்கே வந்தது. அந்தச் சோதனையின்போதுதான் அதே மருந்து டைஃபாய்டையும் குணப்படுத்தும் என்று தெரிந்தது. இப்போது டாக்சிசைக்ளின் இருக்கிறது, விலையும் மலிவு. கண்டுபிடிப்பதுதான் பாடு.

மலையிலிருந்து வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. எல்லோரும் டெங்கி டெஸ்ட் மட்டும் கேட்கிறார்கள், அதில் இல்லை என்று வந்ததும் பனடோல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்கே படுத்தீர்கள் என்பதை நாங்கள் கேட்கும்வரை சொல்வதில்லை. சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்து, எங்காவது இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் உங்களுக்கே தெரியாது. அதுவும் அக்குள், இடுப்புக் கயிறு பதியும் இடம், தொடை இடுக்கு என்று மறைவான இடமாகப் பார்த்துத்தான் கடிக்கும். வீட்டில் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். கிளினிக்கில் சட்டையைத் தூக்கச் சொன்னால் கொஞ்சம் தூக்குங்கள். என்னிடம் காட்ட வெட்கமாக இருந்தால் நர்ஸ் அக்காவிடம் காட்டுங்கள், அவர் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்.