"பிள்ளையின் முகம் வடிவாக இருக்கிறதா?"

யாழ்ப்பாணத்தில் ஸ்கான் அறைக் கட்டிலில் படுத்திருக்கும் தாய் ஆசையோடு கேட்கிற கேள்வி இது: "டொக்டர், பிள்ளையின் முகம் வடிவாக இருக்கிறதா?" அதே முகத்தை மருத்துவரும் கூர்ந்து பார்க்கிறார். அவர் அதில் தேடுவது மூளையின் செய்தியை.

கரு உருவான நான்காம், ஐந்தாம் கிழமைகளில் முன்மூளை ஒற்றைக் குமிழாக இருந்து வலம், இடம் என்று பிரிகிறது. அதற்கான சமிக்ஞைகள் நடுக்கோட்டுத் திசுக்களிலிருந்து வருகின்றன. கண்கள் விலகி அமைவதற்கும், மூக்கும் மேலுதட்டின் நடுப்பகுதியும் உருவாவதற்கும் அவையே வேண்டும். அவை தளர்ந்தால் மூளை பிரியாமல் நின்றுவிடும். ஹோலோபுரொசென்செபலி என்பது இதுதான். கண்கள் நெருங்கியிருக்கலாம், உதட்டின் நடுவே பிளவு இருக்கலாம். மிகக் கடுமையான வகையில் ஒற்றைக் கண்குழியே இருக்கும். முகத்துக்கும் மூளைக்கும் உள்ள இந்த உறவை 1964 இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் டிமையரும் அவருடன் பணியாற்றியவர்களும் எடுத்துக்காட்டினார்கள். ஆனாலும் முகம் இயல்பாக இருந்தும் மூளை பிரியாதிருப்பது உண்டு. அதனால் தலைக்குள்ளும் பார்த்தே ஆக வேண்டும்.

வயிற்றில் ஜெல் தடவி வைக்கும் கருவி, காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி எதிரொலியைப் படமாக்குகிறது. திரவம் கறுப்பாகவும் அடர்ந்த திசு வெளிறியும் தெரியும். பன்னிரண்டாம் கிழமையில் தலையின் அகலம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர்தான். அதன் குறுக்குவெட்டில் நடுவே ஒரு வெண்கோடும், இரு பக்கமும் மூளைத் திரவத்தைச் சுரக்கும் வெளிறிய திசுக்களும் தெரியும். அச்சொட்டாக இறகு விரித்த வண்ணாத்திப்பூச்சி! பூச்சி தெரியாவிட்டால் மருத்துவரின் கை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இருபதாம் கிழமையில் தேடுவது, நெற்றிப் பக்கமாக நடுக்கோட்டில் இருக்கும் சிறிய கறுப்புப் பெட்டி போன்ற திரவ இடைவெளி. அது இல்லையென்றால் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலமும் உருவாகாமல் இருக்கலாம். அப்போது எம்.ஆர்.ஐ. படமும் குரோமோசோம் பரிசோதனையும் உதவும். குறிப்பாக, 13 ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பது ஹோலோபுரொசென்செபலிக்கு ஒரு முக்கிய காரணம். வீட்டுக்குக் கொண்டுபோகும் முப்பரிமாண முகப்படத்தைவிட இந்தக் கறுப்பு வெள்ளைக் குறுக்குவெட்டுகளே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

இன்னொரு காரணம் எங்கள் வீடுகளுக்கு நெருக்கமானது. கர்ப்பத்துக்கு முன்பே தாய்க்கு நீரிழிவு, அதாவது சலரோகம், இருந்து அது கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் இந்த ஆபத்து கூடுகிறது. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே சீனியின் அளவைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். மூளை பிரியும் வேளையில் மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு மூன்று கிழமைகளே ஆகியிருக்கும். தாய் அநேகமாகக் கிளினிக்கில் பெயர் பதிந்திருக்கவும் மாட்டாள்.