சொல் விளக்கம்: மெல்லண்ணத் தூக்கி

அண்ணப்பிளவு, அதாவது மேல்வாய் பிளந்து பிறக்கும் குறை, அதற்கான அறுவை சிகிச்சை பற்றிப் படிப்பவர்கள் கண்ணில் திரும்பத் திரும்பப் படும் ஒரு தசையின் பெயர் 'லெவேட்டர் வெலி பாலடினி'. வாய் நிறைய நீளும் இந்தப் பெயர் முழுக்க லத்தீன். 'லெவாரே' என்றால் தூக்குதல். மாடிக்கு ஏற்றிச் செல்லும் எலிவேட்டரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். 'வேலம்' என்றால் திரைச்சீலை, கப்பலின் பாய். 'பாலாட்டம்' என்றால் அண்ணம். ஆக, அண்ணத்தின் திரையைத் தூக்குவது என்பதே இதன் பொருள்.

தமிழில் அண்ணம் மிகப் பழைய சொல். 'ககார ஙகாரம் முதல்நா அண்ணம்' என்று தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் இடத்தைச் சொல்கிறது. 'அண்' என்றால் மேல். அண்ணாந்து பார்க்கிறோமே, அந்தச் சொல்லும் இதன் உறவுதான். செய்திகளிலும் அறிவிப்புகளிலும் 'அன்னப்பிளவு' என்று அச்சாவதை இன்றும் பார்க்கலாம். அன்னம் சோறு, இல்லாவிட்டால் பறவை. வாயின் கூரைக்கு மூன்று சுழி ண் போட்டுத்தான் எழுத வேண்டும்.

நாக்கு நுனியை மேல்வாயில் வைத்துப் பின்னால் தடவிக்கொண்டே போனால் முதலில் கெட்டியாக எலும்பு தட்டுப்படும், அது வல்லண்ணம். அதற்குப் பின்னே எலும்பு தீர்ந்து சதையாகும் இடம் மெல்லண்ணம். அதன் நுனியில் தொங்குவது உள்நாக்கு. மொழியியல் நூல்களில் ஏற்கெனவே புழங்கும் சொற்கள் இவை. அதனால் வேலத்தைத் 'திரை' என்று புதிதாக மொழிபெயர்க்கத் தேவையில்லை. 'லெவேட்டர்' பகுதிக்கு 'உயர்த்தி' என்றும் சொல்லலாம். ஆனால் எலிவேட்டரை மின்தூக்கி என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆகவே 'மெல்லண்ணத் தூக்கி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கேட்டதும் வேலை என்னவென்று புரிந்துவிடும்.

அந்த வேலையைத் தமிழ் எழுத்துகளை வைத்தே விளக்கலாம். மெல்லின எழுத்தைச் சொல்லும்போது மெல்லண்ணம் கீழே இறங்கி மூக்குக்கு வழிவிடுகிறது. வல்லினத்துக்கு அது மேலே எழும்பித் தொண்டையின் பின்சுவரைத் தொட்டு மூக்குவழியை அடைக்க வேண்டும். அப்போதுதான் வாய்க்குள் காற்று அழுந்தி ப, ட, த எல்லாம் வெடித்து வெளிவரும். அடைப்பு சரியாக விழாத குழந்தை 'அப்பா' என்று கூப்பிட்டால் 'அம்மா' போலக் கேட்கும். மூக்கால் பேசுகிறான் என்று ஊரில் சொல்வது இதைத்தான். அந்தக் குழந்தையின் நாக்கிலோ அறிவிலோ எந்தக் குறையும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தத் தசை இடமும் வலமுமாக இரண்டு உண்டு. மண்டையோட்டின் அடிப்பகுதியில், நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் செவிக்குழலை ஒட்டிக் கிளம்பி, இறங்கி வந்து மெல்லண்ணத்தின் நடுப்பகுதியில் ஒன்றோடொன்று சேர்கின்றன. இருபுறமும் மேலே கட்டித் தொங்கவிட்ட தூளி மாதிரியான அமைப்பு. தசை சுருங்கியதும் மெல்லண்ணம் மேலும் பின்னுமாக இழுபடும்.

அண்ணம் பிளந்து பிறக்கும் குழந்தைக்கும் தசை இருக்கிறது. அதன் போக்குதான் மாறியிருக்கும். குறுக்கே வந்து நடுவில் சேர வேண்டிய நார்கள் முன்னோக்கி ஓடி, வல்லண்ணத்தின் பின்விளிம்பிலும் பிளவின் ஓரத்திலும் பற்றிக்கொண்டிருக்கும். பிரான்சின் அறுவை மருத்துவர் விக்டர் வோ இதை 1931-லேயே விவரித்தார். வெறுமனே ஓட்டையை மூடினால் சாப்பாடு மூக்கில் ஏறுவது நிற்கலாம். பேச்சு தெளிவாகும் என்று சொல்ல முடியாது. தசையை அந்தத் தவறான பிடிப்பிலிருந்து விடுவித்து, குறுக்கே திருப்பி இணைக்க வேண்டும் என்று 1969-இல் ஓட்டோ கிரீன்ஸ் எழுதினார். லியோனார்ட் ஃபர்லோ 1986-இல் வெளியிட்ட முறை, எதிரெதிரான இரண்டு 'இசட்' வடிவ வெட்டுகளால் தசையைத் திருப்புவதோடு அண்ணத்தையும் நீளமாக்கியது. பிரிட்டனின் பிரையன் சோமர்லாட் நுண்ணோக்கி வழியே பார்த்துத் தசையை இன்னும் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

இவ்வளவு செய்தும் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மூக்கொலி தங்கிவிடுகிறது. ஏன் என்று தேடும்போதுதான் படம் தேவைப்படுகிறது. மூக்கு வழியே விடும் எண்டோஸ்கோப்பும், பேசும்போதே எடுக்கும் எக்ஸ்ரே வீடியோவும் மூக்குவழி மூடுகிறதா, எவ்வளவு இடைவெளி என்று காட்டும். உள்ளே தசை எப்படிப் படிந்திருக்கிறது என்று காட்டாது. அதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சும் கிடையாது. அமெரிக்காவில் டேவிட் கூன், அவருக்குப் பின் ஜேமி பெர்ரி ஆகியோரின் ஆய்வுகள் இதில் முக்கியமானவை.

தசை சாய்வாக இறங்குவதால் படத்தையும் அதே சாய்வில் எடுக்க வேண்டும். அப்போது இரு பக்கமும் நடு இணைப்பும் ஒரே படத்தில் வந்துவிடும். 'ஈ' என்று இழுத்துச் சொல்லச் சொல்லி எடுத்தால் தசை வேலை செய்யும் நிலையும் பதிவாகும். நடுவில் தசை சேர்ந்திருக்கிறதா, எவ்வளவு தடிமன், வல்லண்ணத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, மெல்லண்ணம் தொண்டைச் சுவரை எட்டுமா என்று அளந்து பார்க்கலாம். தசை இன்னும் முன்னாலேயே ஒட்டிக்கிடந்தால் அதைத் திரும்பப் பிரித்து வைப்பதைப் பற்றி யோசிப்பார்கள். தசை சரியாக இருந்து அண்ணம் குட்டையாகவோ தொண்டை ஆழமாகவோ இருந்தால் சிகிச்சையே வேறு. மேல்தோல் மூடி, அடியில் தசை மட்டும் பிரிந்திருக்கும் மறைபிளவு கண்ணுக்குத் தப்பிவிடக்கூடியது; அங்கே இந்தப் படத்தின் மதிப்பு இன்னும் அதிகம்.

ஸ்கேன் எந்திரத்தின் சத்தமும், அசையாமல் படுக்க வேண்டிய கட்டாயமும் சிறு பிள்ளைகளுக்குச் சிரமம்தான். செலவும் இருக்கிறது. எனவே முதல் அறுவை சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் எடுக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

அப்புறம், பெயரில் குழப்பும் ஒரு தசை பக்கத்திலேயே உண்டு: 'டென்சர் வெலி பாலடினி'. 'மெல்லண்ண இறுக்கி' எனலாம். அண்ணத்தை இறுக்குவதோடு, விழுங்கும்போது செவிக்குழலைத் திறந்துவிடுவதும் இதன் வேலை. பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு அது சரியாக நடப்பதில்லை. நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையும். இவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியோடு காதையும் தவறாமல் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான்.